புளி படாத காசு

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து நாலு பழைய காசு கிடைத்தால் நம் வீடுகளில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை உப்பு, தேங்காய் நார். பூஜைப் பாத்திரம் தேய்க்கும் அதே கை, அதே அழுத்தம். வெள்ளிக் காசாக இருந்தால் விபூதியோ பற்பசையோ. கால் மணி நேரத்தில் காசு கண்ணைப் பறிக்கும். அதை எடுத்துக்கொண்டு நாணய வியாபாரியிடம் போனால், அவர் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு உலோக விலைக்கு மேல் பேச மாட்டார். பளபளப்பைப் பார்த்து மயங்குகிற கூட்டம் அவருடையது அல்ல.

நாணயச் சேகரிப்பின் முதல் பாடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் இயற்பியல்.

இன்றைய காசுகளை யாரும் வார்ப்பதில்லை, அடிக்கிறார்கள். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த வட்ட வில்லையை உலையில் சூடாக்கி இளக்கம் கொடுத்து, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம் என்று வைத்து ஒரே அழுத்தாக அழுத்துகிறார்கள். அந்தக் கணத்தில் உலோகம் உருகாமலேயே ஓடுகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவி, அச்சின் பள்ளங்களில் ஏறி, வளையத்தில் முட்டி நிற்கிறது. ஓடிய தடம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகளாகப் பதிந்துவிடுகிறது. வங்கியிலிருந்து அப்போதுதான் வந்த புது ஐந்து ரூபாயை ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு வெளிச்சப் பட்டை காசின் மேல் சுற்றிச் சுற்றி ஓடும். அந்த நுண்வரிகள் ஒவ்வொன்றும் தன் கோணம் வரும்போது ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் ஓட்டம் அது. சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு சில நாள் கிடந்தாலே மேடான இடங்களில் இந்த வரிகள் மழுங்கிவிடும். பழைய காசு ஒன்றில் இந்த ஓட்டம் மிச்சமிருந்தால் அது அதிகம் புழங்காத காசு என்று பொருள். விலை அங்கிருந்துதான் ஏறத் தொடங்குகிறது.

இப்போது விபூதியை எடுத்துக்கொள்வோம். மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலில், மாடு தின்ற வைக்கோலிலிருந்தும் புல்லிலிருந்தும் வந்த சிலிக்கா இருக்கிறது. மோ அளவுகோலில் செம்பின் கடினம் சுமார் 3, வெள்ளி அதற்கும் சற்றுக் கீழே. சிலிக்கா அதைவிட வெகு மேலே. ஆகவே மிருதுவான பொடி என்று நாம் நினைப்பது வெள்ளியின் கண்ணுக்கு உப்புத்தாள்தான். தேய்த்த காசைப் பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸில் பார்த்தால், கை போன திசையிலெல்லாம் இணைகோடுகளாகக் கீறல்கள் ஓடும். ஓடிக்கொண்டிருந்த வெளிச்சப் பட்டை போய், எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரியான மொண்ணை வெளிச்சம் மட்டும் மிஞ்சும். பழகிய கண்ணுக்கு இது கையெட்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

புளி செய்யும் வேலை வேறு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேலிருக்கும் ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. காற்றோடு சமாதானமாகி, மேற்கொண்டு எதுவும் நடக்காதபடி காசைப் போர்த்தியிருந்த படலம் அது. அது போனதும் ரோஜா நிறத்தில் வெற்று உலோகம் வெளியே வந்து நிற்கும். வந்த வேகத்தில் மறுபடி காற்றோடு வினைபுரியும். இந்த முறை சீராக அல்ல, திட்டுத் திட்டாக.

வெள்ளி கறுப்பதற்குக் காற்றின் ஆக்சிஜன் மட்டும் காரணமில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் வெள்ளியைத் தேடிப் பிடித்து வெள்ளி சல்ஃபைடு ஆக்கிவிடும். கூவத்தின் கரையோரம் குடியிருப்பவர்களின் வெள்ளிக் குத்துவிளக்கைக் கேட்டால் சொல்லும். இந்தப் படலம் முதலில் சில பத்து நானோமீட்டர் தடிமனில் இருக்கும்போது கறுப்பாகத் தெரியாது. படலத்தின் மேலிருந்து திரும்பும் ஒளியும் அடியிலுள்ள வெள்ளியிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அழிக்கும், சிலவற்றைத் தூக்கிக் காட்டும். மழை நாளில் தார்ச் சாலையில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவது போலத்தான். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு கருஞ்சிவப்பு, அப்புறம் நீலம், படலம் மேலும் தடித்தால் கறுப்பு. காகித உறையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த வெள்ளி ரூபாயில் விளிம்பு நீலமாகவும் நடு பொன்னிறமாகவும் மாறியிருப்பதைப் பார்க்கலாம். அதற்கென்றே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. அதை விபூதி போட்டுத் தேய்ப்பவர் பணத்தைத் தேய்க்கிறார்.

அலுமினியத் தாள், சமையல் சோடா, கொதிநீர் மூன்றையும் சேர்த்து வெள்ளியை வெளுக்கும் வித்தை பலருக்கும் தெரிந்திருக்கும். அதில் உராய்வு இல்லை. அலுமினியம் தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்து சல்ஃபைடை மறுபடி வெள்ளியாக்குகிறது, அழுகிய முட்டை வாடை வருவது கந்தகம் வெளியேறுவதால். வேதியியலாகப் பார்த்தால் அழகான வினை. ஆனால் படலம் உண்டாகும்போது மேற்பரப்பிலிருந்து பிய்ந்து போன வெள்ளி அணுக்கள் திரும்பி வந்து அதே இடத்தில் அதே ஒழுங்கில் உட்காருவதில்லை. காசு வெளுக்கும், ஆனால் உயிரில்லாமல் வெளுக்கும். கரண்டிக்குச் சரி.

இவ்வளவும் செய்யக்கூடாதவை. எதில் தொடங்குவது என்று கேட்டால், ஒரே ஒரு ரூபாயில் தொடங்குங்கள் என்பேன். உலகக் காசெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைப்பது சேகரிப்பு ஆகாது, குவிப்பு. ஒரு ரூபாய் என்ற ஒரே மதிப்பை எடுத்துக்கொண்டு 1835-இலிருந்து இன்றுவரை அது எந்தெந்த உலோகத்தில் வந்தது என்று தேடினால், கையில் ஒரு காந்தமும் நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசும் போதும், பாதி வரலாறு தானாக விரியும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. முதலில் நாலாம் வில்லியம், 1840-இலிருந்து விக்டோரியா, அப்புறம் ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகள் மாறினவே தவிர எடையும் வெள்ளியும் நூறு வருடத்துக்கு மேல் அசையவில்லை. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் மன்னரின் அங்கியில் தொங்கிய பதக்க யானை பன்றி போல் தெரிந்ததால் ஊரெல்லாம் முணுமுணுப்பு எழுந்து, மறு வருடமே யானைக்குத் துதிக்கையும் காதும் தெளிவாகப் போட்டுத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் அதை இன்றும் பன்றி ரூபாய் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோதுகூட ரூபாய்க் காசில் கை வைக்காமல் 1917-இல் ஒரு ரூபாய் நோட்டை இறக்கிச் சமாளித்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அது முடியவில்லை. 1940-இலிருந்து ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஆளுக்கு 5. எடை மட்டும் அதே 11.66. செம்பைச் சேமிக்க காலணாவின் நடுவில் ஓட்டை போட்டதும் அதே போரில்தான். 1947-இல் பின்பக்கம் புலி போட்ட ரூபாய் வந்தது. அதில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல்.

இங்கேதான் காந்தத்துக்கு வேலை. விக்டோரியா ரூபாயும் ஒட்டாது, 1940களின் பாதி வெள்ளி ரூபாயும் ஒட்டாது. புலி ரூபாய் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். இரும்பும் கோபால்ட்டும் போல நிக்கலும் அறை வெப்பத்தில் காந்தத்தால் இழுக்கப்படும் உலோகம். 1950-இல் வந்த கோதுமைக் கதிர் ரூபாய், 1962-இலிருந்து வந்த 10 கிராம் ரூபாய், நேரு மறைந்தபின் அவர் முகத்தோடு வந்த 1964 ரூபாய், எல்லாம் ஒட்டும். 1975-க்குப் பிந்திய ரூபாய் ஒட்டாது. அது குப்ரோநிக்கல்: முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். நிக்கல் இருந்தும் ஏன் ஒட்டவில்லை என்றால், செம்பின் எலெக்ட்ரான்கள் நிக்கலுடைய காந்தத் தன்மையை நிரப்பி அடைத்துவிடுகின்றன. அந்தக் கலப்பு அறை வெப்பத்தில் காந்தத்துக்கு மசியாது. 1992-இல் வந்த ரூபாய் மறுபடி ஒட்டும், ஏனென்றால் அது 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. ஒட்டாது, ஒட்டும், ஒட்டாது, ஒட்டும். உலோகத்தின் சந்தை விலை காசின் முகமதிப்பை எட்டிப் பிடிக்கும்போதெல்லாம் அரசு ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. 9 கிராம் எடையுள்ள குப்ரோநிக்கல் ஐந்து ரூபாயை எல்லை தாண்டிக் கடத்தி உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று செய்திகள் வந்த காலம் நினைவிருக்கலாம். பிறகு ஐந்து ரூபாயும் எஃகுக்கு மாறியது.

எடையையும் குறித்துக்கொண்டே வாருங்கள். 11.66, 10, 8, 6, 4.85, 3.79. ஒரு ரூபாயின் இந்த மெலிவை வரிசையாக அட்டையில் வைத்துக் காட்டினால் பொருளாதாரப் பாடம் தனியாக எடுக்க வேண்டாம். வெள்ளி ரூபாய்கள் தவிர மற்றதெல்லாம் பெரிய செலவு இல்லாமல் கிடைப்பவைதான். வெள்ளி ரூபாயிலும் அரிதான ஆண்டுகளை விட்டுவிட்டால், அதிலுள்ள 10.7 கிராம் வெள்ளியின் விலைக்குச் சற்று மேலே கிடைக்கும்.

கைச்செலவே இல்லாமல் ஆட வேண்டுமானால் நாணயச்சாலைக் குறிகள் இருக்கின்றன. எந்தக் காசிலும் ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், சின்னப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பால் வாங்கி மீதம் வரும் சில்லறையில் ஆண்டுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டே போகலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. சிறப்பு வெளியீடுகள் பக்கம் போனால் நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் வருகிறார்கள்: காமராஜர், அண்ணா, எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க் காசே வெளிவந்தது. 2009-இல் வந்த அண்ணா ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. எம்.எஸ்., எம்.ஜி.ஆர். நூறு ரூபாய்க் காசுகளின் கலப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும்: பாதி வெள்ளி, நாற்பது செம்பு, ஐந்து நிக்கல், ஐந்து துத்தநாகம். 1940-இல் பஞ்சத்துக்குக் கண்டுபிடித்த கலப்பு இன்று கௌரவத்துக்கு ஆகிவிட்டது. இந்த நூறு ரூபாய்கள் புழக்கத்துக்கு வருவதில்லை, நாணயச்சாலை பெட்டியில் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறது. வாங்கலாம், ஆனால் கடைக்காரர் கையில், பஸ் கண்டக்டர் பையில் உருண்டு வந்த அண்ணா ஐந்து ரூபாய்க்கு இருக்கும் சுவை அவற்றுக்கு இல்லை என்பது என் கட்சி.

வெள்ளி ரூபாய் வாங்கத் தொடங்கியதும் போலியும் தேடி வரும். எடை சரியாக இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். போலி செய்பவரிடமும் தராசு இருக்கிறது. அவரால் எடையையும் அளவையும் ஒருசேர ஏமாற்றுவதுதான் கடினம், ஏனென்றால் நடுவில் அடர்த்தி நிற்கிறது. ஆர்க்கிமிடீஸ் சங்கதியை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசின் மேல் ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் முக்கால்வாசி சுத்தமான தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல், முழுக்க மூழ்கும்படி தொங்க விடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டிப் போக்குங்கள். தராசு இப்போது காட்டுவது காசின் எடையை அல்ல, காசு விலக்கிய தண்ணீரின் எடையை. அதாவது காசின் பருமனை. 11.66 கிராம் உள்ள நல்ல விக்டோரியா ரூபாய் என்றால் 1.13 வரும். வகுத்தால் அடர்த்தி 10.3. பாதி வெள்ளிக் காசு 1.22 காட்டும், அடர்த்தி 9.5. வெள்ளியே இல்லாத செம்பு நிக்கல் கலப்பு 1.31 வரை போகும், அடர்த்தி 8.9. தேய்ந்த காசுக்கு எடை குறையும், ஆனால் வகுத்து வரும் எண் மாறாது. உதாரணமாக 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரிது, விலையும் அதற்கேற்ப. பின்னால் வந்த பாதி வெள்ளிக் காசில் ஆண்டைத் திருத்தி யாராவது 1939 என்று நீட்டினால், தம்ளர் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். முடிந்ததும் காசைப் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வார்த்துச் செய்த போலிக்கு வேறு அடையாளங்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே அசலை வைத்து அச்செடுத்த வார்ப்பு அசலைவிட ஒரு நூல் சிறியதாக இருக்கும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் தெரியும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள், விளிம்பைச் சுற்றி அராவி மறைத்த கோடு, எழுத்தின் ஓரங்கள் வெட்டாக இல்லாமல் வழவழப்பாக இருப்பது, இவையும் வார்ப்பைச் சொல்லும். சில போலிகளுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் உருவம் பொறித்து கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று சந்தையில் விற்கும் செப்புக் காசுகளைக் கம்பெனி ஒருநாளும் அடித்ததில்லை. அவற்றுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்று சொல்லி லட்சக்கணக்கில் பறித்த கதை தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஏராளம். செம்புக்கு அரிசியை இழுக்கும் விசை எதுவும் கிடையாது. அரிசிக்குள் இரும்புத் தூள், காசுக்குள்ளோ பாத்திரத்துக்கு அடியிலோ காந்தம், அவ்வளவுதான். பழைய இரண்டு ரூபாய்க்கு ஐந்து லட்சம் தருகிறோம், முதலில் வரி மட்டும் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகளும் இதே குடும்பம். தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது என்று 2021-இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது.

காசு வீட்டுக்கு வந்துவிட்டது. இனி அதைக் கெடுக்கப் போவது பெரும்பாலும் அதைக் காப்பாற்ற நாம் வாங்கும் சாமான்தான். ஸ்டேஷனரிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பம் பெரும்பாலும் பிவிசி. புது மழைக்கோட்டின் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். பிவிசி இயல்பில் விறைப்பானது. வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்த இளக்கி மெல்லக் கசியும், பிளாஸ்டிக் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். இரண்டும் சேர்ந்து செம்பு கலந்த எந்தக் காசின் மேலும் பச்சையாக, பிசுபிசுவென்று ஒரு படலத்தை உண்டாக்கும். ஆரம்பத்தில் கவனித்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தால் போய்விடும். அசிட்டோன் கரிமப் பிசுக்கைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. வாசனையும் நிறமும் சேர்த்த நகப்பூச்சு நீக்கி உதவாது. அடுப்பங்கரையில் செய்யவும் கூடாது, ஒரு பொறி போதும். கவனிக்காமல் விட்டால் பச்சைக்குக் கீழே உலோகம் குழி விழுந்திருக்கும், அதற்கு மருந்தில்லை.

ஆல்பம் பிவிசியா என்று தெரிய ஒரு பழைய ஆய்வகச் சோதனை உண்டு. மொட்டை மாடியில் வைத்து, செப்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, பையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுவாலை பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. புகையை முகராமல் ஒரு சிறு துணுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேகரிப்பவர்கள் பயன்படுத்துவது நடுவில் மைலார் சன்னல் வைத்த, ஸ்டேப்ளர் அடித்து மூடும் அட்டை உறை. விலையுயர்ந்த காசுக்கு அக்ரிலிக் கேப்சூல். மைலார் என்பது பாலியெஸ்டர். அதில் குளோரினும் இல்லை, இளக்கியும் இல்லை. அட்டை உறையில் ஒரே ஆபத்து, அதைப் பிரிக்கும்போது ஸ்டேப்ளர் பின் காசைக் கீறுவது. பின்னை முதலில் பிடுங்கிவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய காசுக் கட்டில், ரப்பர் பட்ட இடம் மட்டும் கோடாகக் கறுத்திருக்கும். ரப்பரைக் கெட்டியாக்கச் சேர்ப்பது கந்தகம். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. மலிவான அட்டையிலும் பழுப்புத் தாளிலும் அமிலம். அலுமினியப் பைசாக்களுக்குத் தனி எதிரி இருக்கிறது: சுண்ணாம்பு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்த இரண்டு பைசா, மூன்று பைசாக்கள் வெள்ளைப் பொருக்குக் கட்டி அரித்திருப்பது அதனால்தான். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும்.

விரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. செப்புக் காசின் முகத்தில் விரலை வைத்தால் அன்று ஒன்றும் தெரியாது. சில வாரங்கள் கழித்து ரேகை அப்படியே பழுப்பாக எழும்பி வரும், பிறகு போகவே போகாது. காசை எப்போதும் விளிம்பில் பிடிக்க வேண்டும், கீழே மெத்தென்ற துணி இருக்க வேண்டும். அதன் மேல் குனிந்து பேசக்கூடாது. எச்சில் துளி பட்ட இடத்தில் கரும்புள்ளி வரும்.

செப்புக் காசு சேர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் வியாதி ஒன்று உண்டு. ஆற்று மணலிலும் கடற்கரையிலும் கிடைத்த சோழர் காலத்துச் செப்புக் காசு, நாயக்கர் காசு போன்றவற்றின் மேல் இரண்டு விதமான பச்சை வரும். ஒன்று கரும்பச்சை, கெட்டி, வழவழப்பு. நூற்றாண்டுகளாக மண்ணில் கார்பன் டை ஆக்சைடோடும் ஈரத்தோடும் சேர்ந்து விளைந்த மாலகைட் அது. காசுக்குக் கவசம், கை வைக்காதீர்கள். மற்றது வெளிர்பச்சை, பொடிப்பொடியாக, பூசணம் பூத்தது போலப் புள்ளி புள்ளியாக. பல் குத்தும் குச்சியால் தொட்டால் உதிரும், அடியில் குழி தெரியும். வெண்கல நோய் என்று இதைச் சொல்கிறார்கள், கிருமி எதுவும் இல்லை என்றாலும்.

மண்ணிலோ கடல் நீரிலோ இருந்த குளோரைடு காசுக்குள் நுழைந்து, படலத்துக்கு அடியில் செப்புக் குளோரைடாக உறங்குகிறது. காற்றும் ஈரமும் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறுகிறது. அப்போது கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கிறது. அந்த அமிலம் அடியிலிருக்கும் நல்ல செம்பைத் தின்று மறுபடி செப்புக் குளோரைடு ஆகிறது. அது மறுபடி ஈரத்துக்குக் காத்திருக்கிறது. உள்ளே புகுந்த குளோரைடு செலவாகவே செலவாகாது என்பதுதான் இதன் கொடுமை. பொடியைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், ஐப்பசி அடைமழையில் புதிதாகப் பூத்திருக்கும். சங்கிலியில் அறுக்கக்கூடிய கண்ணி ஈரம் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்தை ஒட்டி அடங்கியிருந்தால் வினை ஏறத்தாழ நின்றுவிடும். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் காற்று அந்த அளவுக்கு வறள்வதே அபூர்வம், ஆகவே நாமே வறட்சியை உண்டாக்க வேண்டும். இறுக மூடும் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் அதை ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து ஈரத்தை விரட்டி மறுபடி உள்ளே வைக்கலாம். நோய் கண்ட காசைத் தனியே வையுங்கள். உதிரும் பொடியில் குளோரைடு இருக்கிறது. குளோரைடை வெளியேற்றும் ஊறல்களும், செம்பின் மேல் காப்புப் படலம் இடும் பென்சோட்ரையசோலும் அருங்காட்சியகத்துப் பாதுகாப்பு நிபுணர்களின் வேலை.

உறைக்குள் காசை வைக்கும் முன்பே அட்டையில் பென்சிலால் எழுதிவிடுங்கள்: ஆண்டு, நாணயச்சாலை, எடை, விட்டம், யாரிடம் வாங்கியது, என்ன விலை. பழங்காசாக இருந்தால் இவை எல்லாவற்றையும்விட முக்கியம் அது எங்கே கிடைத்தது என்பது. கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளும் சங்ககாலச் சேரர் காசுகளும் கிடைத்ததால்தான், கடல் கடந்த வணிகமும் கரூரும் ஒரே பேச்சில் வருகின்றன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களைத் தமிழ்ப் பிராமியில் தாங்கிய வெள்ளிக் காசுகள் அங்கிருந்து வந்தவை. பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைச் செப்புக் காசில் படித்துச் சொன்னவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அந்த எழுத்துகள் காசின் தளத்திலிருந்து எழும்பி நிற்பது மயிரிழை உயரம்தான். இடையில் யாராவது ஒருவர் புளியும் நாரும் எடுத்திருந்தால் அங்கே படிக்க ஒன்றும் இருந்திருக்காது.

நூறு வயது தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவோ தபாலில் அனுப்பவோ கூடாது. அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு விக்டோரியா ரூபாயைப் பரிசாகக் கொடுத்தனுப்ப நினைக்கும் தாத்தாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயலில் உழும்போதோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ புதைந்த காசு வெளிப்பட்டால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வருகிறது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கிடைத்த பானையையும் சுற்றியிருந்த மண்ணையும் கலைக்காமல் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாலுகா அலுவலகம் வழியாக மனுவைக் கொடுத்து, கையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.